எபிசோடு 34: பழைய வரி எங்கே போச்சு? மருத்துவமனை, வக்கீல், கேஸ் ஷீட்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாக, திரும்பத் திரும்ப வந்த இடங்களை எடுத்துவிட்டுக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

இன்னைக்குத் தலைப்பு நம்ம வழக்கமான தலைப்பு இல்லை. மருத்துவமனைகளுக்கு வக்கீல்கள் என்ன வேலை செய்றாங்க என்பதுதான் விஷயம். "நீ சாஃப்ட்வேர் ஆளு, உனக்கு எதுக்குப்பா சட்டம்?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்விதான். நான் எழுதின கோடு ஒரு மருத்துவமனை வழக்குல மாட்டிக்கிச்சு. அதனாலதான் பேசறேன்.

நான் வக்கீல் இல்லை. இதைச் சட்ட ஆலோசனையா எடுத்துக்க வேண்டாம். கூட உட்கார்ந்து பார்த்ததையும், அதுக்கப்புறம் தீர்ப்புகளைத் தேடிப் படிச்சதையும் சொல்றேன்.

ஒரு டிக்கெட்

சில வருஷம் முன்னாடி மருத்துவமனை நிர்வாக சாஃப்ட்வேர் செய்யற ஒரு கம்பெனியில இருந்தேன். ரிஜிஸ்ட்ரேஷன், பில்லிங், ஃபார்மசி, லேப், நர்சிங் நோட்ஸ் எல்லாம் அதுல வரும். நர்சிங் நோட்ஸ் பகுதி என் பொறுப்பு.

ஒருநாள் ஒரு மருத்துவமனையில இருந்து டிக்கெட் வந்துச்சு. பெரிய ஊர் இல்லை, நூறு படுக்கைக்குள்ள. "குறிப்பிட்ட நோயாளியின் நர்சிங் நோட்டில் 'கடைசியாகத் திருத்தியது' என்று வரும் நேரத்தை எடுத்துவிட்டு பிரிண்ட் தர முடியுமா? அவசரம்." இவ்வளவுதான் எழுதியிருந்தாங்க.

டெக்னிக்கலா இது ஐந்து நிமிஷ வேலை. பிரிண்ட் டெம்ப்ளேட்ல ஒரு வரியை எடுத்தாப் போதும். உண்மையைச் சொல்லிடறேன், எனக்கு எந்தச் சந்தேகமும் வரலை. எடுத்துட்டு டிக்கெட்டை மூடியிருப்பேன். சாயங்காலம் ஒரு கால் இருக்கு, அதுல பேசிக்கலாம்னு மேனேஜர் சொன்னதால நிறுத்தினேன்.

அந்தக் கால்ல மருத்துவமனையோட ஐ.டி. பொறுப்பாளர் இருந்தார். கூடவே அவங்க வக்கீலும் இருந்தாங்க. ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். டிக்கெட்டைப் படிச்சுக் காட்டினதும் அவங்க முதல்ல ஐ.டி. பொறுப்பாளரைத்தான் பிடிச்சாங்க.

"யார் சார் உங்களை இதைக் கேக்கச் சொன்னது? இப்ப நம்ம மேல இருக்கிறது கவனக்குறைவு புகார். இதை மறைச்சுட்டோம்னா மோசடிப் புகார் ஆயிடும். முதல்ல சொன்னதுக்கு என்னால பதில் சொல்ல முடியும். ரெண்டாவதுக்கு முடியாது."

அப்புறம் என்கிட்ட: "தம்பி, அந்த நேரம் இருக்கட்டும். திருத்தினாங்கன்னு காட்டுதே, திருத்தறதுக்கு முன்னாடி அங்க என்ன எழுதியிருந்துச்சு? பழைய வரி எங்க போச்சு?"

என்கிட்ட பதில் இல்லை. அது ஏன்னு பிறகு வர்றேன். அதுக்கு முன்னாடி, இந்த வக்கீல் எதுக்கு அங்க இருந்தாங்கன்னு புரியணும்.

மருத்துவமனைக்கு ஏன் வக்கீல்?

1995 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லிச்சு. இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கு. காசு வாங்கிக்கிட்டுச் செய்யற சிகிச்சை ஒரு 'சேவை'. அதுல குறை இருந்தா நோயாளி நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பதுதான் அதோட சாரம். எல்லாருக்கும் முழுக்க இலவசமா பார்க்கிற இடம் இதுக்குள்ள வராது. ஆனா சிலர்கிட்ட காசு வாங்கிட்டு, சிலருக்கு இலவசமா பார்க்கிற மருத்துவமனைன்னா, அந்த இலவச நோயாளியும் நுகர்வோர்தான்.

2019-ல் புது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தப்ப, டாக்டர்கள் இதுல இருந்து வெளியே வந்துட்டாங்களான்னு மறுபடியும் கேள்வி கிளம்பிச்சு. வரலை. இன்னைக்கும் உள்ளேதான் இருக்காங்க. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, 2024 மே மாசம் அதே உச்ச நீதிமன்றம் வக்கீல் தொழில் இந்தச் சட்டத்துக்குள்ள வராதுன்னு சொல்லிடுச்சு. டாக்டர் மேல நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அந்த டாக்டருக்காக வாதாடற வக்கீல் மேல போக முடியாது. நான் இதைச் சொன்னப்ப மேடம் சிரிச்சாங்க, பதில் சொல்லலை.

வழக்குன்னு வந்தாத்தான் வக்கீலுக்கு வேலைன்னு நான் நினைச்சிருந்தேன். அவங்க சொன்ன கணக்கு வேற மாதிரி இருந்துச்சு. கோர்ட்டுக்குப் போறது கொஞ்சம்தான். மருத்துவமனைப் பதிவு, டாக்டர்களோட ஒப்பந்தம், இன்சூரன்ஸ் கம்பெனி பில்லைக் குறைச்சா சண்டை, விபத்து கேஸ்ல போலீசுக்குத் தகவல், மருத்துவக் கழிவு விதிகள் என்று நாள் முழுக்கக் காகிதம்தான். ஸ்கேன் சென்டர் இருந்தா கர்ப்பிணிகளுக்கு 'ஃபார்ம் எஃப்' நிரப்பணும். அதை அரைகுறையா நிரப்பறதை வெறும் எழுத்துப் பிழைன்னு தள்ளிவிட முடியாதுன்னு 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. சிசுவின் பாலினம் பார்க்கிறதைத் தடுக்கற சட்டத்துல அந்த ஃபார்ம்தான் முக்கியமான சாட்சி.

"ஆஸ்பத்திரியில நடக்கிறதை நான் பார்க்கப் போறதில்லை, ஜட்ஜும் பார்க்கப் போறதில்லை. எங்க ரெண்டு பேருக்கும் காகிதம்தான் தெரியும்" என்று சொன்னாங்க. அதைக் கேட்ட பிறகுதான் தீர்ப்புகளைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். மூணு தீர்ப்பு மட்டும் சொல்றேன்.

கையெழுத்து யாருடையது?

முதல் தீர்ப்பு 2008. டெல்லி வழக்கு. 44 வயசுப் பெண், கல்யாணம் ஆகாதவர், அதிக ரத்தப்போக்குன்னு டாக்டர்கிட்ட போறாங்க. லேப்ராஸ்கோப்பி மூலமா உள்ளே பார்க்கிறதுக்கு, அதாவது பரிசோதனைக்கு, சம்மதக் கையெழுத்துப் போடறாங்க. மயக்க நிலையில இருக்கும்போது, வெளியே காத்திருந்த அம்மாகிட்ட கையெழுத்து வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துடறாங்க.

நோயாளிக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான் டாக்டர் செஞ்சிருக்காங்க. ஆனா நீதிமன்றம் சொன்னது: சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயது வந்தவர் தற்காலிக மயக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக, அவர் சார்பில் அம்மா சம்மதம் கொடுக்க முடியாது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தா வேற விஷயம். இங்க அப்படி இல்லை, அவங்க கண் விழிக்கும் வரைக்கும் காத்திருக்கலாம். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம், சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. டாக்டருக்குக் கட்டணம் கிடையாது, கூட 25,000 ரூபாய் இழப்பீடு. தொகை சின்னதுதான். ஆனா இந்தியாவுல சம்மதப் படிவம் எப்படி இருக்கணும்னு யார் பேசினாலும் இந்தத் தீர்ப்புல இருந்துதான் ஆரம்பிக்கறாங்க.

நம்ம வீட்டுல யோசிச்சுப் பாருங்க. அம்மாவை அட்மிட் பண்ணினா யார் கையெழுத்துப் போடறாங்க? அப்பா, இல்லைன்னா பையன். படுத்திருக்கிறவங்க தெளிவா பேசிக்கிட்டு இருப்பாங்க, அவங்ககிட்ட யாரும் பேனாவைக் கொடுக்க மாட்டாங்க. எங்க சாஃப்ட்வேர்லயும் சம்மதப் படிவத்துல முதல் கட்டம் 'உறவினர் கையொப்பம்' என்றுதான் இருந்துச்சு. நோயாளி கையொப்பம் ரெண்டாவதா, அதுவும் கட்டாயம் இல்லாத ஃபீல்டா இருந்துச்சு. யார் அப்படி வச்சாங்கன்னு தெரியலை. நான் உட்பட யாரும் கேட்கவும் இல்லை.

எழுதாத ஒரு வரி

இரண்டாவது நம்ம சென்னையில நடந்தது. 1996 ஆகஸ்ட், எழும்பூர் அரசு மருத்துவமனை. 29-வது வாரத்துல ஒரு பெண் குழந்தை பிறக்குது, எடை 1,250 கிராம். இன்குபேட்டர்ல வச்சுப் பார்த்து, செப்டம்பர்ல டிஸ்சார்ஜ் பண்றாங்க.

இந்த மாதிரி குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை பாதிப்பு வர வாய்ப்பு அதிகம். பிறந்த சில வாரங்களுக்குள்ள கண் டாக்டர் பார்த்தாகணும். சரியான நேரத்துல பார்த்தா பார்வையைக் காப்பாத்த வாய்ப்பு இருக்கு, நேரம் தவறினா போச்சு. இந்த ஒரு விஷயத்தைப் பெற்றோர்கிட்ட யாரும் சொல்லலை. டிஸ்சார்ஜ் சம்மரியிலயும் எழுதலை. நாலரை மாசத்துல தடுப்பூசி சமயத்துல வேற ஒரு டாக்டர் சந்தேகப்பட்டுச் சொன்னார். அதுக்குள்ள குழந்தைக்குப் பார்வை போயிடுச்சு.

அப்பா விடலை. தேசிய நுகர்வோர் ஆணையம், அப்புறம் உச்ச நீதிமன்றம். 2015 ஜூலை 1 அன்று தீர்ப்பு வந்துச்சு. எதிர்கால மருத்துவச் செலவையும் விலைவாசி உயர்வையும் கணக்குப் போட்டு, ஏற்கெனவே செலவழிச்சதையும் சேர்த்து, சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய். அந்தக் குழந்தைக்கு அப்ப 18 வயசு.

அந்தத் தீர்ப்புல டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்தி நீதிபதிகள் தனியா பேசறாங்க. பெற்றோருக்கு எச்சரிக்கை எதுவும் அதுல இல்லை, டாக்டர்கள் அந்த ஆபத்தை மனசுல வச்சிருந்த அறிகுறியும் இல்லைன்னு. 'கண் பரிசோதனை அவசியம், இந்தத் தேதிக்குள்' என்று ஒரு வரி இருந்திருந்தா அந்தப் பெண்ணோட வாழ்க்கையே வேற மாதிரி இருந்திருக்கலாம். மருத்துவமனை வக்கீல் டிஸ்சார்ஜ் சம்மரி டெம்ப்ளேட்டைத் திருத்திக் கொடுக்கிறதை நான் முதல்ல கோர்ட்டுக்குப் பயந்து செய்யற வேலையா பார்த்தேன். இதைப் படிச்ச பிறகு அப்படித் தோணலை.

கிரிமினல் வழக்கு

மூணாவது, 2005 ஆகஸ்ட், ஜேக்கப் மேத்யூ எதிர் பஞ்சாப் மாநிலம். லூதியானாவுல ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறல். அவசரமா கொண்டு வந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலி. அடுத்தது வர்றதுக்குள்ள அவர் இறந்துடறார். டாக்டர்கள் மேல கிரிமினல் வழக்கு.

உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து பண்ணிச்சு. இழப்பீட்டுக்கு மருத்துவமனை பொறுப்பாகலாம். ஆனா ஒரு டாக்டரைக் குற்றவாளியாக்க சாதாரண கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான கவனக்குறைவா இருக்கணும். புகார் வந்ததும் கைது பண்ணிடக் கூடாது. விசாரணை அதிகாரி முதல்ல அந்தத் துறை தெரிஞ்ச, நடுநிலையான இன்னொரு டாக்டர்கிட்ட, முடிஞ்சவரை அரசு டாக்டர்கிட்ட, கருத்து கேட்கணும். அந்த இன்னொரு டாக்டர் எதைப் பார்த்துக் கருத்து சொல்வார்? கேஸ் ஷீட்டைத்தான்.

2024 ஜூலையில இருந்து பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில இருக்கு. கவனக்குறைவால மரணம் ஏற்பட்டா பிரிவு 106(1). பொதுவா 5 ஆண்டு வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சை செய்யும்போது நடந்தா 2 ஆண்டு வரை. அந்தச் சலுகை வாசகத்துல 'பதிவு பெற்ற மருத்துவர்' என்றுதான் இருக்கு, நர்ஸ் என்று இல்லை. ராத்திரி வார்டுல நோயாளி பக்கத்துல இருக்கிறது பெரும்பாலும் நர்ஸ்தான். இதை ஞாபகம் வச்சுக்கிட்டு என் டிக்கெட்டுக்கு வாங்க.

என் கோடு என்ன செஞ்சது

ஆபரேஷன் முடிஞ்ச ஒரு பாட்டி. ராத்திரி மூச்சு வாங்குது. 1 மணிக்கே நர்ஸ்கிட்ட சொன்னோம், 3 மணி வரைக்கும் டாக்டர் வரலை என்பது குடும்பத்தோட புகார். பாட்டி பிழைச்சுட்டாங்க, ஆனா ரொம்ப நாள் ஐ.சி.யூ.வுல இருந்து, உடம்பு ஒடுங்கித்தான் வீட்டுக்குப் போனாங்க.

சிஸ்டத்துல இருந்த வரி: "1.20 - டூட்டி டாக்டருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது." அந்த வரியை உருவாக்கின நேரம் 2.55. கடைசியாகத் திருத்தின நேரம் காலை 6.40.

நர்ஸ் சொன்னது: "2.55-க்கு அவசரத்துல 2.20-ன்னு அடிச்சுட்டேன். ஷிஃப்ட் முடியறப்ப சரிபார்த்து 1.20-ன்னு திருத்தினேன்." குடும்பத்தோட வக்கீல் சொன்னது: "பிரச்சினை பெருசாயிடுச்சுன்னு தெரிஞ்ச பிறகு நேரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளியிருக்காங்க."

எது உண்மை? எனக்குத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நர்ஸ் சொல்றபடியே நடந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். 6.40-க்கு நேரத்தையே தொடாம, வேற ஒரு எழுத்துப் பிழையை மட்டும் திருத்தி, அந்தப் பதட்டத்துல மறந்துட்டுக்கூட இருக்கலாம். பழைய வரி இருந்திருந்தா, என்ன மாறிச்சுன்னாவது தெரிஞ்சிருக்கும். அது இல்லை. ஏன்னா எடிட் பட்டனை அழுத்தினா பழைய வரி மேலேயே புது வரியை எழுதற மாதிரி நான் செஞ்சிருந்தேன். திருத்தின நேரம் மட்டும் மாறும். ஹிஸ்டரி டேபிள் தனியா வைக்கணும்னு டிசைன் பேச்சுல வந்துச்சு. "அடுத்த ரிலீஸ்ல பார்த்துக்கலாம்" என்று சொன்னது நான்தான். டேபிள் பெருசாகும், ஸ்லோ ஆகும்னு காரணம் சொன்னேன்.

மேடம் திட்டலை. பேப்பர்ல எப்படிச் செய்வாங்கன்னு சொல்லிக் கொடுத்தாங்க. "தப்பா எழுதிட்டா ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கணும். அடியில இருக்கிறது படிக்கத் தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதி, தேதி, நேரம், கையெழுத்து. ஒயிட்னர் தொடவே கூடாது. புதுசா வந்த நர்சிங் ஸ்டூடண்டுக்கும் இது தெரியும் தம்பி. நீங்க கம்ப்யூட்டர்ல ஒயிட்னர் மட்டும் கொடுத்திருக்கீங்க."

மருத்துவமனை எல்லா நேரத்தையும் காட்டற முழுப் பிரிண்ட்டைக் கொடுத்துச்சு. அப்புறம் குடும்பத்தோட பேசி, ஒரு தொகை கொடுத்து முடிச்சுக்கிட்டாங்க. தொகை எனக்குத் தெரியாது. அந்த நர்ஸ் கொஞ்ச நாள்ல வேலையை விட்டுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அவங்க உண்மை சொல்லியிருந்தா, அதை நிரூபிக்க இருந்த ஒரே வழியை அழிச்சது நான். பொய் சொல்லியிருந்தா, அந்தப் பாட்டி குடும்பத்துக்குத் தெரிய வேண்டியதை அழிச்சதும் நான்தான்.

பிறகு மாத்தினது

எடிட்டை எடுத்துட்டோம். ஒரு தடவை எழுதின வரி அப்படியே இருக்கும். திருத்தினா புது வரி. யார், எப்போ, ஏன் என்பது கட்டாயம். பிரிண்ட்ல பழைய வரி நடுவுல கோட்டோட வரும். அடுத்து, 'நடந்த நேரம்', 'பதிவு செய்த நேரம்' இரண்டும் தனித்தனி. அவசரத்துல நோயாளியைத்தான் பார்க்கணும், பிறகு எழுதறது தப்பில்லை. 'தாமதப் பதிவு' என்று வெளிப்படையா காட்டினாப் போதும்.

இன்னொண்ணு மேடம் கண்டுபிடிச்சது. நோட்ஸ்ல 'நோயாளி நலமாக உள்ளார்' என்பதைத் தானாகவே நிரப்பி வச்சிருந்தோம், டைப்பிங் மிச்சம்னு. "மோசமா இருக்கிற நோயாளிக்கும் உங்க சிஸ்டம் நலம்னு எழுதுது. ஒரு வரி பொய்னு தெரிஞ்சா மீதி வரியை யார் நம்புவாங்க?" அதையும் எடுத்துட்டோம்.

நம்ம டெவலப்பர் நண்பர்களுக்கு ஒரு விஷயம். இப்போ பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63-ன்படி மின்னணுப் பதிவை சாட்சியமா கொடுக்கும்போது சான்றிதழ்ல ஹேஷ் மதிப்பும் குறிப்பிடணும். நல்ல விஷயம். ஆனா ஹேஷ், அதைக் கணக்கிட்ட நேரத்துக்குப் பிறகு ஃபைல் மாறலைன்னு மட்டும்தான் சொல்லும். அதுக்கு முன்னாடி நீங்க அழிச்சதை அது திருப்பிக் கொண்டு வராது.

நோயாளி பக்கம் இருந்து

கடைசியா, நம்ம எல்லாருமே ஒருநாள் படுக்கையிலயோ, பக்கத்து ஸ்டூல்லயோ இருக்கப் போறவங்கதான். அதுக்காக நாலு விஷயம்.

ஒண்ணு, 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள்படி, உள்நோயாளியின் ஆவணங்களை சிகிச்சை தொடங்கின நாளில் இருந்து 3 வருஷம் வச்சிருக்கணும். நோயாளியோ, அவர் அனுமதித்தவரோ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும். எழுத்துல கேளுங்க, பெற்றுக்கொண்டதா சீல் வாங்குங்க. டிஸ்சார்ஜ் சம்மரியோட நிறுத்திக்காம, 'முழு கேஸ் ஷீட் நகல்' என்று எழுதுங்க.

இரண்டு, நுகர்வோர் ஆணையத்துக்குப் போக பொதுவா 2 வருஷம்தான் கெடு. நீங்க கட்டின பணம் 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட ஆணையம். வக்கீல் இல்லாமலும் புகார் கொடுக்கலாம்.

மூணு, சம்மதப் படிவத்தைப் படுத்திருக்கிறவங்க படிக்கட்டும். அவங்க முடிவெடுக்கிற நிலையில இருந்தா கையெழுத்து அவங்களோடதுதான். புரியலைன்னா தமிழ்ல சொல்லச் சொல்லிக் கேளுங்க.

நாலு, கோபம் வந்தா டூட்டி டாக்டர் மேல கை வைக்காதீங்க. அதுக்குத் தமிழ்நாட்டுல 2008-லயே தனிச் சட்டம் இருக்கு. சட்டத்தை விடுங்க, நீங்க ஜெயிக்க வேண்டிய வழக்கு அந்த நிமிஷத்துல அவங்க வழக்கா மாறிடும்.

அந்த மேடம் மருத்துவமனையோட வக்கீல். நோயாளி பக்கம் பேசறது அவங்க வேலை இல்லை. ஆனா அன்னைக்கு அவங்க கேட்ட 'பழைய வரி எங்க போச்சு' என்ற கேள்விக்கு நாங்க செஞ்ச மாற்றம் நர்சுக்கும் உதவும், நோயாளிக்கும் உதவும். இப்ப எந்த டேபிள் டிசைன் பண்ணினாலும், எடிட் பட்டன் வைக்கிறதுக்கு முன்னாடி அந்தக் குரல் காதுல கேட்குது.

மருத்துவமனையில வேலை செய்யற யாராவது கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா, குறிப்பா நர்சுகள், உங்க வார்டுல இதெல்லாம் எப்படி நடக்குதுன்னு எழுதுங்க. பேர் சொல்ல வேண்டாம். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.